காற்றை அதன் இடத்தில் நிறுத்தியவருக்கு

காலையில் வருவீர்கள். பையை நாற்காலியில் வைப்பீர்கள். ஜன்னலைத் திறப்பீர்கள். இரவு ஓடி முடிந்த கணக்கின் படத்தைத் திரையில் போடுவீர்கள். பிறகுதான் உட்காருவீர்கள். நாளையிலிருந்து அந்த ஜன்னலை வேறு யாராவது திறப்பார்கள்.

வானத்தை வாசித்தவரே, வளைந்து கொடுக்காத தலைமையே, எங்கள் அன்புக்குரிய மேடம் அவர்களே! காலநிலை மாதிரிப் பிரிவினர் அனைவரும் சேர்ந்து வழங்கும் பணி ஓய்வுப் பாராட்டு இது. எழுதச் சொன்னது என்னை. அடைமொழிகள் இவ்வளவுதான் வந்தன. மீதியை நடந்ததே சொல்லும்.

வானத்தைக் கணினிக்குள் ஓடவிட்டுப் பார்க்கும் நம் மாதிரியில் ஒரு கோளாறு இருந்தது. மேகங்களுக்கும் மேலே, உண்மையில் வறண்டு கிடக்கும் காற்றில், கணக்கு கொஞ்சம் கொஞ்சமாக நீராவியைக் கசியவிட்டது. அந்த நீராவி வெப்பத்தை வெளியே வீசி அந்த அடுக்கைக் குளிர வைத்தது. அது குளிர்ந்ததால், உயரத்தில் ஓடும் வேகக்காற்று வடக்கே நகர்ந்தது. காற்று நகர்ந்தால் மழையும் நகரும். நம் வயல்களில் பெய்ய வேண்டியது பக்கத்து நாட்டில் பெய்வதாகப் படம் காட்டியது.

நாங்கள் மலைகள் காற்றைத் தடுக்கும் உராய்வைக் கணக்கில் கூட்டினோம். காற்று தெற்கே இறங்கி வந்து நின்றது. கைதட்டினோம்.

"படம் அம்சமா வந்துடுச்சு மேடம், வெளியிட்டுடலாம்" என்றார் கணினிக்காரர்.

நீராவிக் கணக்கைப் பார்த்துவந்த என் மனைவி மட்டும் கைதட்டவில்லை.

"காய்ச்சல் மாடி வீட்டுக்காரருக்கு. நீங்க கீழ் வீட்டுக்காரருக்கு ஊசி போட்டிருக்கீங்க."

"அதுக்காக இன்னும் ஒரு வருஷம் மாடிப்படி ஏறச் சொல்றியா தாயே?" என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தோம். நீங்கள் உராய்வைப் பழைய அளவுக்கே மாற்றச் சொன்னீர்கள். வெளியீடு தள்ளிப்போனால் பிரிவையே கலைத்துவிடுவதாக மேலிடம் மிரட்டியது. "தாராளமா கலைங்க. தப்பான காத்தை என் கையெழுத்துல அனுப்ப மாட்டேன்" என்று தொலைபேசியை வைத்தீர்கள். அன்றைக்கு எங்களில் பலர் வேறு வேலை தேட ஆரம்பித்தோம். இப்போது சொன்னால் கோபிக்க மாட்டீர்கள்.

கணக்கில் நீராவி நகரும் முறையையே என் மனைவி மாற்றி எழுதினாள். பாதியில் நோய் வந்தது. மருத்துவமனைக் கட்டிலிலும் மடிக்கணினி. நான் பிடுங்கினால் உங்களிடம் புகார் போகும். தீர்ப்பு எப்போதும் அவள் பக்கம்.

கணக்கு ஓடி முடிந்தது. மேலடுக்கு வறண்டது. உராய்வைத் தொடாமலே வேகக்காற்று தன் இடத்துக்கு வந்தது. பிரிவு கலையவில்லை. இன்று மழைக் கணிப்புகள் அதில்தான் ஓடுகின்றன.

மேடம், உடல் நலம் நிறைந்து, நல்ல தூக்கம் வாய்த்து, விடிந்ததும் எந்தப் படத்தையும் பார்க்கத் தேவையில்லாத சோம்பலோடு நீங்கள் நெடுங்காலம் வாழ வேண்டும். பிரிவினர் எல்லோரும் கையெழுத்திட்டிருக்கிறோம். அவள் கையெழுத்துக்குரிய இடத்தில், அவள் கடைசியாகச் சொன்னதை எழுதியிருக்கிறேன்.

கணக்கு சரியாக வந்த அன்று அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு, மழையில் நனைந்தபடி ஓடி வந்து, கட்டிலுக்கு எதிரே விரித்துப் பிடித்தீர்கள். அவள் வெகுநேரம் பார்த்தாள். சிரித்தாள்.

"மேடம், தலைகீழா பிடிச்சிருக்கீங்க."