மேரி உள்ளே போயாச்சு

ஹலோ... ஆங், சொல்லு ஷைனி... கேக்குது, கேக்குது, நீ கத்தாத. மொட்ட மாடில கீறேன்... வத்தல் இல்ல டீ, வேடிக்க... ஆமா, அந்தப் போட்டோல கீறது நான் தான். வேற யாரு, உங்க மாமாவா?... ஹெல்மெட்டு. மஞ்ச ஹெல்மெட்டு. எப்டி கீது?... மூஞ்சி தெரியலன்னா இன்னா, ஹெல்மெட்டு தெரியுதில்ல.

இல்ல டீ, வேலைக்கெல்லாம் போவல. எங்க ஊட்டுக்கு எதுர்ல கட்டறாங்களே, அந்த சைட்டுக்கு நான் தான நாஷ்டா குடுக்கறேன். காலைல இட்லி, பத்தரைக்கு டீ. உள்ள போவணும்னா கேட் பாஸ் வேணும்னான் குணா... சூப்பர்வைசரு. ஆதார் ஜெராக்ஸ் கேட்டான், குடுத்தேன். ஹெல்மெட்டு மாட்டி ஒரு போட்டோன்னான், நின்னேன். நல்லா வந்துச்சேன்னு வாட்ஸப்புல போட்டேன். அவ்ளோ தான் கதை.

...ஹாஸ்டல். வேலைக்குப் போற பொம்பளைங்க தங்கறதுக்கு கவர்மெண்ட்டு கட்டுது. கும்மிடிப்பூண்டி கம்பெனிங்களுக்கு வருதுங்களே பொண்ணுங்க, அதுங்களுக்கு... நல்லது தான், நல்லது தான். ஆனா கட்டறது பூரா ஆம்பளைங்க. அதுவும் ஒடிசா.

இன்னிக்கி ஏன் ஏறி நிக்கறேன்னு கேளு. திருவள்ளூர்லேர்ந்து ஆபீசர் அம்மா வந்து கீறாங்க. செக்கிங்கு. கவர்மெண்ட்டு காசுல கட்டறதால ஒரு கண்டிசன் கீதாம். நூறு பேரு வேல செஞ்சா அதுல முப்பது பேரு இந்த ஊராட்சிக்காரங்களா இருக்கணும். அதுல பத்து பேரு பொம்பளைங்க. எல்லாருக்கும் நாப்பத்தஞ்சு நாள் டிரெயினிங் குடுத்திருக்கணும்... நெசமா தான். பேப்பர்ல எல்லாம் கரெக்ட்டா கீது. பேப்பர்படி பாத்தா எங்க ஊர்ல வேல இல்லாதவங்கன்னு ஒருத்தரும் கெடையாது.

தோ, கேட்டாண்ட இளமதி நிக்கறா. ஏழு மணிலேர்ந்து நிக்கறா... உனக்குத் தெரியும் டீ, எங்க ஊட்டுக்கு மூணாவது ஊடு. சரவணன் பொண்டாட்டி. போன பொங்கலுக்கு வந்தப்ப உனக்கு மருதாணி வச்சி வுட்டாளே... அவ தான். பாவம், சரவணன் வேல செஞ்ச கம்பெனில ஆள கொறைச்சிட்டாங்க. அரை ஏக்கரா நெல்லு, அதுவும் காஞ்சி போயி மாட்டுக்குத் தான் தீனி ஆச்சு. இவ தான் எறங்கினா.

மொதல்ல வேல கேட்டு போனா. குணா இன்னா சொன்னான்? "டிரெயினிங் எடுத்துனு வாம்மா." சரின்னு கும்மிடிப்பூண்டி போயி நாப்பத்தஞ்சு நாளும் கம்பி கட்ட கத்துக்கினா. ஒரு நாள் லீவு போடல. ஊட்டுக்கு வந்தும் கையி கம்முனு இருக்காது. பந்தக்காலு, கோழிக்கூண்டு, எது கெடச்சாலும் கட்டுக்கம்பில ஒரு முடிச்சு. எங்க ஊட்டு கேட்டு கழண்டுதில்ல, அத்தயும் அவ தான் கட்டினா. உங்க மாமா டெஸ்ட் பண்றேன்னு புடிச்சி இஸ்தாரு. கேட்டு தான் ரெண்டா போச்சு, முடிச்சு அப்டியே கீது.

சர்ட்டிபிகேட்ட எடுத்துனு மறுபடியும் போனா. "எக்ஸ்பீரியன்ஸ் இல்லியே"ன்னான். கெஞ்சினா. "சரி, லோக்கலான்னு பாக்கணும்"ன்னான். பாத்தா, இவ லோக்கல் இல்ல... ஏன்னா? ரேஷன் கார்டு. இங்க வந்து ரெண்டு வருஷம் ஆவுது, பேரு இன்னும் செவ்வாப்பேட்டைல அவங்க அம்மா கார்டுலயே குந்தினு கீது. எடுத்தா அரிசி கொறையுமாம். சம்பந்தி சண்டை வேணான்னு இவங்களும் வுட்டுட்டாங்க... ஆமா ஆமா, உன் பேரும் எவ்ளோ நாளு நம்ம அம்மா கார்டுல இருந்துச்சு, எனக்குத் தெரியாதா. நீ வேலைக்குப் போவல, தப்பிச்ச.

கடைசியா "லிஸ்ட்டே ஃபுல்லும்மா"ன்னுட்டான். ரெண்டு மாசமா அதே பாட்டு. அதனால தான் இன்னிக்கி ஆபீசர் கைலயே சர்ட்டிபிகேட்ட குடுத்துடலாம்னு நிக்கறா. வாட்ச்மேன் உள்ள வுட மாட்டேன்றான்.

இரு, இரு. மைக்குல பேரு படிக்கறாங்க... வீரராகவன்னு கூப்பிட்டாங்க டீ. நம்ம வீரராகவன் தான், மெட்ராஸ்ல ஜவுளிக் கடைல கீறானே. காலைல அஞ்சே முக்கால் வண்டிக்குப் போயிட்டான், நான் பாத்தேன். ஆனா "ஆஜர் மேடம்"னு சத்தம் வருது... யாரு தெரியுமா? பிகாஷு. ஒடிசா பையன். எங்க தெருவுல வாடகைக்கு கீறான். ஐயோ, திருவள்ளூர் பெருமாள் பேரு அவனுக்கு எவ்ளோ பொருத்தமா கீது.

...இல்ல, அந்த அம்மா லேசுப்பட்டவங்க இல்ல. டவுட்டு வந்துடுச்சு. "உங்க ஊரு அம்மனுக்கு தீமிதி எந்த மாசம்?"னு கேக்கறாங்க... சொல்லிட்டான். "ஆடி மூணாவது ஞாயித்துக்கெழம மேடம், போன வருசம் நானும் மிதிச்சேன்"றான்... மெய்யாலுமே மிதிச்சான் டீ. மூணு வருஷமா மிதிக்கறான். நெஜ வீரராகவன கேட்டிருந்தா முழிச்சிருப்பான். அவன் அன்னிக்கும் கடைக்குப் போனவன்.

இப்ப பொம்பளைங்க. வரிசையா நிக்கறாங்க, பொடவ மேல மஞ்ச கோட்டு. மொதல்ல நிக்கறது அருணா, குணா பொண்டாட்டி. நகப்பூச்சு வரைக்கும் இங்கேர்ந்து தெரியுது... அட, டெஸ்ட்டு வைக்கறாங்க டீ. ரெண்டு கம்பிய குறுக்க வச்சி, கைல கம்பி முறுக்கற கொக்கிய குடுத்து, கட்டிக் காமின்றாங்க. போச்சு. அருணா கட்டறா... பள்ளிக்கூடத்துக்குப் போற புள்ளைக்கி ரிப்பன் கட்டற மாதிரி கட்டறா. பூ வேற வைக்கறா. ஆபீசர் அம்மா ஒரு வெரலால தொட்டாங்க, கழண்டுக்கிச்சு... குணா மூஞ்சிய நீ பாக்கணுமே. இட்லி மாவு கணக்கா வெளுத்துப் போச்சு.

...சிரிக்காத, அடுத்த பேரு கேக்க வுடு... 

ஷைனி.

இல்ல... இல்ல டீ, மைக்குல... "மேரி எட்வர்ட்"னு கூப்பிட்டாங்க... இந்த ஊர்ல எத்தினி மேரி எட்வர்ட் கீறாங்க? நான் ஒருத்தி தான்... மறுபடியும் கூப்பிடறாங்க. "கம்பி கட்டுநர். பயிற்சி நாப்பத்தஞ்சு நாள். ஏ கிரேடு"... எனக்கு ஏ கிரேடாம்.

அந்தப் போட்டோ டீ. ஆதார் ஜெராக்ஸ். கேட் பாஸுன்னு சொல்லி... ஆமா... ஆமா. நீ சிரி. நான் மாடில நின்னுக்கினு ஊர பூரா பாத்து சிரிக்கறேன், லிஸ்ட்ல நானே குந்தினு கீறேன். இளமதிக்கு ரெண்டு மாசமா "லிஸ்ட் ஃபுல்லு, லிஸ்ட் ஃபுல்லு"ன்னானே. அந்த ஃபுல்லு நான் தான் டீ.

...கீழேர்ந்து குணா கை ஆட்டறான். இன்னா குணா?... எது, ஹெல்மெட்ட மாட்டினு வரணுமா? எறங்கறேன் இரு. ஷைனி, வச்சிடாத, படில எறங்கறேன்...

ஆங். சொல்லு குணா. ஹெல்மெட்டு, கோட்டெல்லாம் நீயே எடுத்துனு வந்துட்டியா? ஏன் இப்டி வேர்த்துக் கொட்டுது உனக்கு?... சும்மா வந்து ஆஜர் சொல்லணுமா. அப்பால கொக்கிய கைல குடுத்து கட்டச் சொன்னா? எனக்கு இட்லித் தட்டுக்கு துணி கட்டத் தான் தெரியும்... இன்னாது? நாஷ்டா காண்ட்ராக்ட்ட வேற ஆளுக்கு... ஓஹோ. அப்டி வரியா.

ஷைனி, கேட்டியா? நான் வாய தொறந்து "நான் இல்ல"ன்னா நாளைலேர்ந்து இட்லி கெடையாதாம்... தெரியும் டீ, நாப்பது பேரு நாஷ்டா, அத்த நம்பி கேஸு அடுப்பு கூட புதுசா வாங்கிட்டேன். அப்டியே சொன்னாலும், என் பேர எடுத்துட்டு இவளுக்கு குடுக்கப் போறாங்களா? லோக்கல் இல்லன்னு இன்னொரு வீரராகவன போடுவாங்க.

...இரு. ஒரு நிமிஷம் இரு.

குணா, இங்க வா. உனக்கு இப்ப இன்னா வேணும்? மேரின்னு ஒருத்தி உள்ள போவணும், போயி முடிச்சு போடணும். அவ்ளோ தான? தோ நிக்கறா பாரு... இவ தான். இளமதிய இட்டுனு போ... ஏன் முடியாது? போட்டோவா? அந்தப் போட்டோல மூக்குக்கு மேல பூரா ஹெல்மெட்டு, எங்கூடப் பொறந்தவளே நான் தானான்னு போன் போட்டு கேக்கறா. தபாரு, இன்னும் லைன்ல தான் கீறா, வேணும்னா கேளு... குங்குமமா? அத்த ஹெல்மெட்டு மறைக்கும். தாலிய கோட்டு மறைக்கும். ஒடிசாவே பெருமாளா மாறிட்டான், இவ மேரி ஆவக் கூடாதா?

இளமதி, இந்த ஹெல்மெட்ட மாட்டு, கோட்ட போடு. என் கேட் பாஸ் கார்டு, கழுத்துல போட்டுக்கோ... இன்னா டீ?... "என் பேரு"ன்னு இழுக்காத. பேரு என்னுது, முடிச்சு உன்னுது. போயி கட்டு... சரி, சரி, சர்ட்டிபிகேட்ட குடு, நான் வச்சிக்கறேன். கசங்காது. போ, மைக்குல மூணாவது வாட்டி கூப்பிடறாங்க.

...ஷைனி? போயிட்டா டீ. கேட்டாண்ட மெஷின்ல கார்ட காமிச்சா, "டொய்ங்"னு சத்தம், உள்ள போயிட்டா... ஆபீசர் கொக்கிய குடுத்துட்டாங்க. பிகாஷு கூட வேலைய வுட்டுட்டு பாக்கறான்... கட்டறா. ஒண்ணு... ரெண்டு... யப்பா, கையி போற வேகத்த பாரேன். அந்த அம்மா இஸ்து பாக்கறாங்க... இன்னொரு வாட்டி இஸ்து பாக்கறாங்க... ட்ரைவர கூப்பிட்டு இஸ்க்கச் சொல்றாங்க... ஹூஹும். அசையல. எங்க ஊட்டு கேட்ட கேட்டிருந்தா சொல்லியிருக்கும்.

"எத்தினி நாள் டிரெயினிங் எடுத்தே?"னு கேக்கறாங்க. "நாப்பத்தஞ்சு"ன்றா. பிகாஷு தீமிதிய வுட்டா, காலைலேர்ந்து அந்த எடத்துல யாரோ ஒருத்தர் உண்மை சொன்னாங்கன்னா அது இப்ப தான், அதுவும் என் பேர்ல சொல்றா.

...போட்டோ எடுக்கறாங்க. போர்டுல மாட்டணுமாம். "பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண், மேரி." நாளைலேர்ந்து டெய்லி வரணும், நானே போன் போட்டு கேப்பேன்னு சொல்லிட்டாங்க குணா கிட்ட. இனிமே அவன் டபாய்க்க முடியாது... இளமதியா? "எத்தினி மணிக்கு வரணும்?"னு மட்டும் கேட்டா... 

எனக்கா? எனக்கு இன்னா வருத்தம். ஒரு பொண்ணுக்கு வேல கெடச்சிது... ஆமா, என் பேர்ல. பரவால்ல, அது சும்மா தான கெடந்துது.

சரி டீ, மணி பத்தரை ஆவுது, டீ கேன உள்ள எடுத்துனு போவணும். ஞாயித்துக்கெழம வருவியா?... வா, வா, மீன் வாங்கி வைக்கறேன்... இரு, வாட்ச்மேன் இன்னாமோ சொல்றான். இன்னாப்பா?... நான் தான்ப்பா, டீ... மேரி. டெய்லி வர மேரி. நேத்து உனக்கு வடை குடுத்தேனே... மெஷின்ல "மேரி உள்ளே"ன்னு காட்டுதா? காட்டும், காட்டும். மேரி உள்ள தான் கீறா... இல்ல, ரெண்டு மேரி இல்ல... பேஜாரு புடிச்சவனே, நான் சொல்றத கேளு...

குணா! இங்க பாரு, நான் யாருன்னு இவனுக்கு சொல்லு... ஏன் அந்தப் பக்கம் திரும்பிக்கறான்? ஆபீசர் பக்கத்துல நிக்கறாங்கன்னா என்னிய தெரியாதா?... ஷைனி, அவன் என்னிய தெரியாதுன்றான் டீ. என் இட்லிய தின்ன வாயி.

...தோ இளமதி வரா. இளமதி தான் வாட்ச்மேன் கிட்ட பேசறா... "இவங்கள எனக்குத் தெரியும், நம்ம ஊரு தான், வுடுங்க"ன்றா... கேட்டியா? என்னிய லோக்கல்னு அவ சொல்றா, இவன் ஒத்துக்கறான்.

இன்னாப்பா இது, நோட்டு? விசிட்டருன்னு எழுதணுமா... சரி, எழுதறேன். ஐடி கார்டா? என் கார்டு உள்ள போயிடுச்சே... கைலயா? கைல இது ஒண்ணு தான் கீது, சர்ட்டிபிகேட்டு. போதுமா?... போதுமாம் டீ, சீலு அடிச்சிருக்குன்றான்.

எழுதிக்கோப்பா. பேரு, இளமதி... ஊரு, செவ்வாப்பேட்ட... ஆமாம்ப்பா, வெளியூரு தான்.

ஷைனி, வச்சிடறேன் இரு. கையெழுத்து போடணும். இவ எப்டி போடுவான்னு பாத்து போடணும்...