முதல் இளநீர்

பெரம்பலூர் போகும் கரி பஸ் அது; யுத்தத்தில் பெட்ரோல் கிடைக்காமல் கரியில் ஓடியது. குரும்பலூரில் ஏறிய இரண்டு பெண்கள் எனக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். இளையவள் சொன்னாள்.

"எங்க வூட்டுத் தென்னை காய்ச்சிடுச்சுக்கா. முத இளநிய என் சக்களத்திக்குத்தான் வெட்டிக் குடுத்தேன்."

மூத்தவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "சக்களத்தியா? உன் வூட்டுக்காரரு ரங்கூன்லல்ல இருக்காரு?"

"அங்க ஒருத்தியக் கட்டியிருக்காரு. எனக்கே போன வெள்ளிக்கிழமதான் தெரியும். குண்டுக்குப் பயந்து நடந்தே கெளம்பியிருக்காங்க. கைப்புள்ளயோட வாசல்ல வந்து நின்னா."

"அவரு?"

"வழியிலயே பேதி கண்டு போயிட்டாராம்."

மூத்தவள் வாயைப் பொத்திக்கொண்டாள். பஸ் ஒரு மேட்டில் திணறி ஏறியது.

"அவ சொன்னா நம்பிடுவியா?"

"அவரு மோதிரத்தக் குடுத்தாக்கா. அந்தத் தென்னங்கன்னு அவரு ரங்கூன் போறப்ப வச்சது. ஏழு வருசமாக் கொடம் கொடமா ஊத்தி வளத்தேன். எங்க தெருவுலயே தென்னை நிக்கிற வூடு அது ஒண்ணுதான். அதச் சொல்லித்தான் வழி கேட்டுக்கிட்டு வந்திருக்கா."

"வெரட்டாம இளநியா வெட்டுன?"

"ஒதடெல்லாம் வெடிச்சிருந்துச்சு. புள்ளைக்கு அழக்கூடத் தெம்பு இல்ல."

பெரம்பலூர் வந்துவிட்டது. இருவரும் எழுந்தார்கள்.

"இப்ப எங்கடி போற?"

"வெள்ளச் சேலை எடுக்க. எனக்குப் பொறந்த வூட்டுக் கோடி போட அண்ணன் வருது. அவளுக்குப் போட இங்க யாருக்கா இருக்கா?"