இடக்கைத் தட்டின் மௌனம்

மின்னணு மேளத்தைப் பழுது பார்க்க முதலில் வேண்டுவது உலர்ந்த துணி. பாதிக் கோளாறுகள் தூசியால் வருபவை. மீதி, கம்பி சரியாகச் செருகப்படாததால். இவ்விரண்டிலும் அடங்காதவை சிலவே. என் தங்கை கணவரின் மேளத்தில் இருந்தது அச்சிலவற்றுள் ஒன்று.

அவர் மேளம் வாசித்துப் பிழைப்பவர். நான் அக்கருவிகளைச் சீர்செய்பவன். ஓய்வில் பழைய துதிப்பாடல்களை அரங்குகளில் பாடுபவன். இறைவன் எனக்குக் குரலைத் தந்தான். கேட்போரைத் தருவதில் மட்டும் சற்றுச் சிக்கனம் காட்டினான். ஒருமுறை எனக்குப் பின்னே அவரை வாசிக்க வைத்தார்கள். விருத்தத்துக்குத் தாளமே கிடையாது; அங்கும் உருட்டினார். அவை எழுந்து நின்று கைதட்டியது, அவருக்கு. துதியின் நடுவே கைதட்டலாமா என்று வருந்தினேனே தவிர, பொறாமை கொள்ளவில்லை. இதைத் தவறாமல் எழுதிக்கொள்ளுங்கள்.

தட்டுகளில் விழும் அடியை ஒலியாக்கும் மேளத்தின் பெட்டிக்குள், தட்டுக்கு ஓர் எண் உண்டு. அதற்குக் குறைந்த விசையில் விழும் அடியைப் பெட்டி பொருட்படுத்தாது. பக்கத்துத் தட்டின் அதிர்வையும் அடியென்று மயங்கி ஒலித்துவிடாதிருக்க அந்த ஏற்பாடு. இடக்கைத் தட்டுக்கு அது மூன்றாக இருந்தது. வாரந்தோறும் துடைக்கப் போகையில் ஒன்று கூட்டினேன். அவருடைய நுண்ணிய அடிகள் ஒவ்வொன்றாக மௌனம் பூண்டன.

"மச்சான், இந்த லெஃப்ட் பேட் மெதுவா தட்டினா பேசவே மாட்டேங்குது. என்னன்னு பாருங்களேன்."

கம்பியை மாற்றினேன். தட்டைக் கழற்றி அடியிலுள்ள சென்சாரைக் காட்டினேன். பிறகு நானே ஓங்கி அடித்தேன், ஒலித்தது.

"எனக்குப் பேசுதே மாப்பிள்ளை."

"அப்போ என் கைதான் மக்கர் பண்ணுதுங்கிறீங்களா?"

"நான் எங்க சொன்னேன்? பெட்டி நல்லாத்தான் இருக்கு."

தங்கை சிரித்தாள். "அண்ணன் அடிச்சா அலறுது, நீங்க அடிச்சா கொட்டாவி விடுது. வயசாயிடுச்சுங்க உங்களுக்கு."

அதே இடக்கையால் வேறு தட்டில் மெல்லத் தட்டிப் பார்த்திருந்தால் குட்டு வெளிப்பட்டிருக்கும். செய்யவில்லை. தம் கையைவிடப் பெட்டியை நம்புவது இத்தொழிலார் வழக்கம். நாள் முழுதும் ஓங்கி அடித்துப் பழகினார். எண் ஒன்பதானபோது மணிக்கட்டு வீங்கியது. பதினொன்றில் மருத்துவர் கத்தி வைத்தார்.

கட்டுப் பிரித்து அவர் மீண்டும் மேளத்தின் முன் அமரவிருந்த நாளில், முன்னதாகவே போய் எண்ணை மூன்றாக்கி வைத்தேன். மனிதாபிமானம் எனக்கும் உண்டு. குச்சியை எடுத்தார். இரண்டு விரல்கள் மடங்கவில்லை. குச்சி நழுவித் தட்டின்மேல் விழுந்தது. அந்தச் சிறு தொடுகையையும் பெட்டி துல்லியமாக ஒலித்தது. அவர் குனிந்து எடுக்கவில்லை. தங்கை அன்று சிரிக்கவில்லை.

செய்த மாற்றத்தைத் தேதியிட்டுக் குறிக்காத பழுதுபார்ப்பவன் பழுதுபார்ப்பவனே அல்லன். அந்தக் குறிப்பேட்டைத்தான் தங்கை காவல் நிலையத்துக்கு எடுத்துவந்து உங்கள் மேசைமேல் வைத்திருக்கிறாள். நான்கு, ஐந்து, ஆறு என்று பதினொன்று வரை எல்லாம் என் கையெழுத்தே. கூட்டியவன் நான், மறுக்கவில்லை. ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதுங்கள்: அவருடைய கையை நான் ஒருநாளும் தொட்டதில்லை.