கடல்பசு பாத்த குடும்பம்

இல்லல்ல, அது பத்ரி இல்ல, ஷ்ரேயாஸ்தான். லைஃப் ஜாக்கெட் போட்டுண்டா அண்ணன் தம்பி ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் இருப்பா. போட்டோலயாவது நன்னா பாத்துக்கோ ஸ்னேஹா, கீழ ஹால்ல மாப்பிள்ளைய நிமிர்ந்தே பாக்கலயே நீ. கட்டில்லயே உக்காரு. மூத்த மாட்டுப்பொண் ரூம்தானே, ஒண்ணும் ஆகாது. எங்க மாமனார் மல்லேஸ்வரத்துல இந்த ஆத்தைக் கட்டின கதைய முழுசா கேக்காம உங்கப்பா எழுந்துக்க முடியாது.

இதுவா? அந்தமான். எனக்குக் கல்யாணம் ஆன புதுசுல போனோம். ஆமா, ஹனிமூன்தான். எல்லாருமாத்தான் போனோம். மாமனார், மாமியார், ஷ்ரேயாஸ், அப்புறம் நானும் எங்காத்துக்காரர் பத்ரியும். அவ்ளோ தூரம் நீங்க மட்டும் போய் என்ன பண்ணப் போறேள்னு அம்மா, மாமியாரத்தான் அம்மாம்பேன், நெஜமாவே புரியாமத்தான் கேட்டா. பத்ரி சரின்னுட்டான். மறுநாள் அஞ்சு டிக்கெட் ஆயிடுத்து.

அம்மா வெளில சாப்பிட மாட்டா. அதனால குக்கர், இண்டக்‌ஷன் அடுப்பு, அரிசி, சாத்தமுதுப் பொடி எல்லாம் இங்கேர்ந்தே ஏத்திண்டு போனோம். போர்ட் பிளேர் ஏர்போர்ட்ல பெல்ட்டு மேல எங்க குக்கர் வர்றது, நான் ஓடிப்போய் எடுக்கறேன். எல்லாரும் பீச்சுக்குப் போவா, நான் ஹோட்டல் ரூம்ல பாத்ரூம் வாசல்ல உக்காந்து தளிகை பண்ணிண்டிருப்பேன். ப்ளக் பாயிண்ட் அங்கதான் இருந்தது.

கடல்பசு போட்டோவா? இரு, அதுக்குத்தான் வரேன். சின்னத் தீவு ஒண்ணுலேர்ந்து போட்ல கூட்டிண்டு போவா. ஆழமில்லாத எடத்துல கடலுக்கடில புல் மொளைக்குமாம், அதத் திங்க வரும். அலை ஜாஸ்தி, வயித்தக் காலியா வச்சுண்டு வாங்கோன்னு போட்காரர் முதல் நாளே சொன்னார். எங்காத்துல கேப்பாளா? வெறும் வயித்தோட கெளம்பப்படாதுன்னுட்டார் அப்பா. விடியறதுக்குள்ள எழுந்து புளியோதரை கலந்தேன், தயிர்சாதம் பெசஞ்சேன். எல்லாரும் மூக்கு முட்ட சாப்ட்டுட்டு ஏறினா. அப்புறம் கேக்கணுமா. கரை கண்ணுக்கு மறையறதுக்குள்ள அம்மா ஆரம்பிச்சா, அப்புறம் அப்பா, அப்புறம் ஷ்ரேயாஸ். போட்காரர் தலைல கைய வச்சுண்டுட்டார்.

ஒரு எடத்துல எஞ்சினை ஆஃப் பண்ணினார். சத்தமே இல்ல. எடது பக்கம் தண்ணி கலங்கினாப்ல ஆச்சு, மூக்கு மட்டும் மேல வந்தது. அப்புறம் முதுகு. பழுப்பா, கொம்பில்லாத எருமை மாதிரி. ஒட்டிண்டே ஒரு குட்டி. தாய் மூச்சு விட்டது, குட்டியும் மூச்சு விட்டது, ரெண்டும் வாலைத் தூக்கிண்டு உள்ள போயிடுத்து. அத்தனை வாந்திக்கு நடுவுலயும் அப்பா எழுந்து நின்னு, பசுவாச்சேன்னு கும்பிட்டார்.

நன்னா சொல்றேனா? எல்லாரும் அப்படித்தான் சொல்லுவா. ஆத்துக்கு யார் வந்தாலும் அம்மா என்னைத்தான் சொல்லச் சொல்லுவா.

நான் பாக்கல ஸ்னேஹா. நெஜமாத்தான். உள்ள கேபின்ல அம்மாவைப் படுக்க வச்சுண்டு, கவரைப் பிடிச்சுண்டு உக்காந்திருந்தேன். இப்போ சொன்னதெல்லாம் ஷ்ரேயாஸ் எடுத்த வீடியோ. பத்ரி கூப்பிட்டான், ரஞ்சனி சீக்கிரம் வான்னு. அம்மா என் கையப் பிடிச்சுண்டிருந்தா. கெட்டியான பிடியெல்லாம் இல்ல, இழுத்தா வந்திருக்கும். இழுக்க முடியல.

சீச்சீ, கொடுமையெல்லாம் ஒண்ணும் இல்ல. ரொம்ப நல்லவா. அதான் கஷ்டமே. திட்டினாலாவது சண்ட போட்டுண்டு போயிடலாம். எனக்கு ஜுரம்னா ராப்பகலா பக்கத்துலேர்ந்து நகர மாட்டா. ஆனா நாலு நாள் எங்கம்மா ஆத்துக்குப் போயிட்டு வரேன்னு பெட்டிய எடுத்தா, நீ போயிட்டா எங்களுக்கு யாரும்மான்னு கேப்பா பாரு, அவ்ளோதான். பெட்டி திரும்ப பரண்ல ஏறிடும். சில நாள் இந்த ஆத்துல எனக்கு மூச்சு முட்டறது.

பத்ரிக்கு புனேல ஒரு கம்பெனில வேலை தரேங்கறா. போன வருஷமும் கூப்பிட்டா. ஷ்ரேயாஸுக்கு ஒருத்தி வரட்டும், ஆத்துக்கு ஒரு ஆள் ஆச்சுன்னா நீங்க தாராளமா போங்கோன்னு சொல்லிட்டா அம்மா. அதுலேர்ந்து ஷ்ரேயாஸுக்குன்னு வர்ற ஒவ்வொரு பொண்ணையும் நான்தான் மாடிக்கு அழச்சுண்டு வரேன். இதே போட்டோதான், இதே கதைதான். அப்பா கடல்பசுவைக் கும்பிட்டதோட நிறுத்திடுவேன், அவாளும் சிரிச்சுண்டே கீழ எறங்கிப் போவா. அப்புறம் வேண்டாம்னு ஃபோன் வரும். ஒவ்வொரு தடவையும் குழாயைத் திறந்து விட்டுட்டு பாத்ரூம்ல அழுவேன்.

உன்கிட்டயும் அங்கேயே நிறுத்தத்தான் நெனச்சேன். வாய் கேக்கல.

ஷ்ரேயாஸ் நல்ல பையன், அதுல பொய் இல்ல. ஆனா நீ சரின்னு சொல்லணும்னு அவனவிட எனக்குத்தான் ஆசை. நீ வந்தாத்தான் நான் போக முடியும். நான் போயிட்டா என் எடத்துல நீ இருப்ப.

இதோ வரோம்மா, ரெண்டு நிமிஷம்.

கூப்பிடறா, எழுந்துக்கோ. பூவை சரி பண்ணிக்கோ. இல்ல, நீ என்ன சொல்லப் போறேன்னு என்கிட்ட சொல்லாத. கீழயே, எல்லார் எதிர்லயும் சொல்லு. நீ வேண்டாம்னு சொன்னா எல்லாரும் உன்னைத்தான் பாத்துண்டிருப்பா, என் முகத்த யாரும் பாக்க மாட்டா.