எண் எழுதாத பலகைக்கு உரியவர்

வெண்பனி வெளியில் வேகமும் விவேகமும் விதைத்த வித்தகரே! வில்லோ கிராசிங் காட்டெருமைகள் ஐஸ் ஹாக்கி அணியின் பயிற்சியாளராய்ப் பெஞ்சின் பின்னே நின்று, சூரியகாந்தி விதை மென்று, தோலை எங்கள் ஹெல்மெட்டுகள்மேல் துப்பியபடியே எங்களை ஆளாக்கிய பெருந்தகையே! எங்கள் ஓரெஸ்ட் பாபியுக் அவர்களே! உங்கள் பிரிவு உபசார விழாவுக்கு வணங்கி வரவேற்கிறோம்.

இம்மடல் எப்படி இருக்க வேண்டும் என்று மேலாளர் திரு. க்ளென் ஆஷ்டவுன் நேற்றே சொல்லிவிட்டார். "நாலு நல்ல வார்த்தை எழுதுங்கப்பா, போதும். அந்த ஃபைனல் பேச்சை மட்டும் எடுக்காதீங்க." நல்ல வார்த்தைகள் மேலே ஆயின. இனி ஃபைனலைப் பேசுகிறோம்.

எடை போடத் தெரிந்த ஏந்தலே! மூன்று பேர் சேர்ந்தால் ஒரு லைன். நடுவில் நிற்கும் சென்டர் அதன் முதுகெலும்பு. மற்ற ஊர்க்காரர்கள் ஒரு நட்சத்திர சென்டரைத் தலையில் வைத்துக் கூத்தாடி, மீதிப் பேரை ஒப்புக்குச் சப்பாணியாக நிறுத்தினார்கள். நீங்களோ நான்கு சென்டர்களையும் நான்கு வேலைக்குத் தேர்ந்தீர்கள். கோல் அடிக்க லாவலே. எதிரணி நட்சத்திரத்தை ஒட்டிக்கொண்டே திரிந்து அவர் உயிரை வாங்க ஒருவர். ஓடி ஓடி எதிராளியைக் களைக்கவைக்க ஒருவர். நடுவர் பக் என்னும் ரப்பர் வட்டைக் கீழே போடும் நொடியில் அதைக் கொத்திக்கொண்டு வர கர்ட்டிஸ் மெராஸ்டி. உடைமாற்றும் அறையில் நீங்கள் லைன்களை ஒட்டும் பலகையில் முதலாவது, நாலாவது என்று எண்ணே கிடையாது. சென்டரின் பெயரே லைனின் பெயர். "மெராஸ்டி, ஏறு!" என்றீர்களானால் மூவர் தடுப்பைத் தாண்டிக் குதிப்பார்கள்.

ஃபைனலின் கடைசி நிமிடம். ஒரு கோல் நமக்கு முன்னிலை. நம் வலைக்குப் பக்கத்திலேயே பக் போடப்போகிறார்கள். ஆஷ்டவுன் அவர்கள் மேல்வரிசை இருக்கையிலிருந்து கத்தினார்: "யோவ் ஓரெஸ்ட், லாவலேயை அனுப்புய்யா! போயும் போயும் நாலாவது லைனையா அனுப்புவே?" நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "லாவலேவுக்குக் காலு ஓஞ்சுபோச்சு. இது மெராஸ்டி வேலை."

மெராஸ்டி பக்கை வென்றான். வென்றான் என்பதை இந்த மன்றத்தில் உரக்கச் சொல்கிறோம்! அவன் பின்னுக்குத் தள்ளிய பக், நம் ஆள் ஒருவரின் ஸ்கேட்டில் பட்டுத் திரும்பி நம் வலைக்குள்ளேயே போனது. கூடுதல் நேரத்தில் கோப்பையும் கைநழுவியது. அதற்காக உங்களுக்கு 'ஓய்வு' என்றார்கள். அவனுக்கு அடுத்த பருவம் இடமில்லை என்றார்கள். எங்களுக்கு வயிறு எரிகிறது.

அன்று உடைமாற்றும் அறையில் தலைகுனிந்து அமர்ந்திருந்தவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தீர்கள். "மறுபடி போட்டாலும் உன்னைத்தான்டா அனுப்புவேன். தலையைத் தூக்கு, ஸ்கேட் லேஸுல என்ன எழுதியிருக்குன்னு இப்படிக் குனிஞ்சு படிக்கிறே?" அழுதுகொண்டிருந்தவன் சிரித்துவிட்டான். தோற்ற நாளில் உங்களைவிட உயர்ந்தவரை நாங்கள் கண்டதில்லை.

சென்ற வாரம் புதுப் பலகை வந்தது, ஒன்று முதல் நான்குவரை எண் அச்சிட்டு. அதைச் சுவர்ப் பக்கம் திருப்பி மாட்டிவிட்டோம். வெறும் முதுகில், நீங்கள் ஒட்டுவதுபோலவே வெள்ளை டேப்பில் நான்கு பெயர்களையும் ஒட்டியிருக்கிறோம். "மெராஸ்டி பேரை உரிச்சா, என் பேரையும் சேர்த்து உரிச்சுக்கச் சொல்லு" என்றான் லாவலே. மற்றவர்களும் அதையே சொன்னோம். ஆஷ்டவுன் அவர்களே, முன்வரிசையில்தான் இருக்கிறீர்கள், கேட்டிருப்பீர்கள்.

பெருந்தகையே! முழங்கால் வலி விலகி, பல் உறுதி பெற்று, பல்லாண்டு வாழ்க! ஆட்ட நாள்தோறும் பெஞ்சுக்குப் பின் இருக்கையில் வந்து அமர்க. விதைத்தோல் எங்கள்மேல் பொழிக!

இம்மடலில் முதல் கையொப்பம் யாருடையது என்ற கேள்வி எழுந்தது. அறை முழுவதும் ஒரே குரலில் கத்தியது:

"மெராஸ்டி, ஏறு!"

இப்படிக்கு,
கர்ட்டிஸ் மெராஸ்டி,
அவனுக்குப் பின்னே காட்டெருமைகள் அனைவரும்