ரெட்டைப்புள்ள அம்மா

— மொதல்ல அந்தப் பதில்லேர்ந்து 'மன்னிப்பு'ங்கிற வார்த்தையை எடு. வக்கீல் தலையில அடிச்சுச் சொல்லியிருக்கார். மன்னிப்புன்னு எழுதினா தப்பை ஒத்துக்கிட்டதா ஆயிடும். 'வருந்துகிறோம்'னு போடு, கேட்டியா? மழை பெஞ்சாக்கூட வருந்தலாம், யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க.

— கொழந்தை கை வெந்துபோயிருக்கு அத்தான். கட்டுப் போட்ட போட்டோவைப் பாத்தீங்களா இல்லையா?

— பாத்தேன். ஊரே பாத்துச்சு. காலையிலேர்ந்து எனக்கு ஒரு வாய் தண்ணி உள்ள இறங்கல. கடைக்காரர் மறுபடி ஃபோன் பண்ணிட்டார். சாயங்காலத்துக்குள்ள அந்தக் கொழந்தையோட அம்மா போஸ்ட்டை எடுக்கலைன்னா, நம்ம ஆவி புடிக்கிற ஸ்டீமர் ஒண்ணு விடாம எல்லாக் கிளையிலேர்ந்தும் திரும்பி வந்துடும். அப்புறம் கோடவுனைப் பூட்டிட்டு நானும் உங்கக்காவும் சாவியைப் பாத்துக்கிட்டு உக்காரவேண்டியதுதான்.

— அவளை எடுக்கச் சொல்றதைவிட, யாரும் இப்போதைக்கு ஸ்டீமரைப் போடாதீங்கன்னு நாமளே சொல்லிடலாம். நம்ம பேஜ்லயே.

— உனக்கென்ன பைத்தியமா? நம்ம தலையில நாமளே மண்ணை வாரிப் போட்டுக்கறதா? எத்தனையோ வீட்ல ஓடுது, ஒரு வீட்ல மூடி எகிறி வெந்நீர் கொட்டியிருக்கு. அந்தப் பொண்ணு சரியா மூடியிருக்கமாட்டா.

— இங்க வாங்க. மேஜை மேல பாருங்க. அரைமணி நேரமா இந்த ஸ்டீமரை ஓடவிட்டிருக்கேன். நான் சரியாத்தான் மூடினேன், கொக்கி 'டக்'குனு விழுந்துச்சு. இப்ப நீங்க மூடியை விரலால லேசாத் தள்ளுங்க.

— ஸ்... சுடுது.

— கொக்கி எப்படி இருக்கு?

— இளகியிருக்கு.

— பழைய மிஷின்ல இப்படி இல்லையே.

— பிளாஸ்டிக்காரன் சரக்கை மாத்திட்டான். எனக்கும் அப்பவே கொஞ்சம்... சரி விடு. சுவிட்சை அணை. மெதுவாப் பேசு, வெளிய பாக்கிங் ஆளுங்க நிக்கிறாங்க.

— தெரிஞ்சேதான் வித்தீங்களா?

— தெரிஞ்சுன்னு இல்லம்மா. ஒரு சந்தேகம். சந்தேகம் வந்தப்பல்லாம் மூடிக்கிட்டிருந்தா ஒருத்தனும் தொழில் பண்ண முடியாது. அடுத்த சரக்குல சத்தமில்லாம மாத்திடுவோம். இன்னிக்கு ஒரு பொழுதைத் தாண்டணும், அவ்வளவுதான். அதுக்கு நம்மகிட்ட ஆள் இருக்கே.

— யாரு?

— உன் ரெட்டைப்புள்ள அம்மா.

— வேண்டாம் அத்தான்.

— ஏன் வேண்டாம்? அவ என்ன வானத்துலேர்ந்து குதிச்சாளா? நீயும் நானும் இந்த ரூம்ல உக்காந்து உண்டாக்கினவதானே? ஆரம்பத்துல ஒரு பய நம்ம பேஜை எட்டிப் பாக்கல. வாங்கினவ மாதிரி ரெண்டு வரி எழுதுன்னேன். 'என் ரெட்டைப் புள்ளைங்க சளிக்கு இந்த ஸ்டீமர்தான்'னு எழுதினே. அதோட விட்டிருக்கலாம். நீதான் அவளுக்கு உசுரே கொடுத்துட்டே. பல்லு மொளைச்சது, சின்னது மொதல்ல நடந்தது, பெருசு பொறாமையில அழுதது, எல்லாம் எழுதினே. இப்ப அம்மாக்கள் எல்லாம் டாக்டரைக் கேக்குறதுக்கு முன்னாடி அவளைக் கேக்குறாங்க. சும்மா சொல்லல, நம்ம கம்பெனியிலேயே நல்லா வேலை பாக்குறது அவதான். சம்பளமும் கிடையாது!

— சிரிக்காதீங்க.

— உங்கக்காகூடக் கேட்டா, 'வேலை முடிஞ்சு வீட்டுக்கு வந்தும் அவ யாருக்கு டைப் பண்ணிக்கிட்டே இருக்கா?'ன்னு.

— நீங்க என்ன சொன்னீங்க?

— வாடிக்கையாளர் சேவைன்னேன். வேற என்ன சொல்ல?

— அவளை மட்டும் இதுல இழுக்காதீங்க அத்தான். கை வெந்த பாப்பாவோட அம்மா இருக்காளே, அவளே ரெட்டைப்புள்ள அம்மாவை நம்பித்தான் ஸ்டீமர் வாங்கினா. பாப்பாவுக்குக் காய்ச்சல் அடிச்சப்ப, புருஷன் வெளியூர்ல இருந்தப்ப, இவகூடத்தான் பேசிப் பேசிப் பொழுதை ஓட்டினா. என்கூட.

— அப்ப இவ சொன்னா கேப்பாதானே! அதைத்தானே நானும் சொல்றேன்.

— என்னால முடியாது. நேத்துலேர்ந்து அவ அனுப்புற மெசேஜைத் தொறக்கவே எனக்குக் கை வரல.

— நீ இப்படித்தான் சொல்வேன்னு தெரியும். அதான் மத்தியானமே அவ பேர்ல நானே போட்டுட்டேன்.

— என்னது?

— பாஸ்வேர்டு ரெண்டு பேருக்கும் பொதுதானேம்மா.

— என்ன போட்டீங்க? படிங்க.

— 'எங்கள் வீட்டில் நீண்ட நாட்களாகப் பயன்படுத்துகிறோம். எந்தக் குறையும் இல்லை. மூடியைச் சரியாக மூடாமல் தயாரிப்பாளரைக் குறை கூறுவது முறையல்ல.'

— ஐயோ அத்தான்! பேங்க்ல ஒட்டியிருக்கிற நோட்டீஸ் மாதிரி இருக்கு. வெந்த கையோட புள்ளையை மடியில போட்டுக்கிட்டு இருக்கிறவகிட்ட இப்படியா...

— இரு, ஃபோன் அடிக்குது.

— அவதான். பாப்பாவோட அம்மா.

— எடு. ஸ்பீக்கர்ல போடு. கம்பெனிக்காரியா மட்டும் பேசு, கேட்டியா? வாயைக் கொடுத்து மாட்டிக்காதே.

— வணக்கம், வாடிக்கையாளர் சேவை.

— மேடம், கை வெந்துபோச்சுன்னு போட்டோ போட்டேனே, அந்தப் பாப்பாவோட அம்மாங்க. வெச்சிடாதீங்க. நான் சண்டை போடக் கூப்பிடலங்க.

— சொல்லுங்க. பாப்பா எப்படி இருக்கா?

— அழுது அழுது இப்பதான் தூங்குறா. விரல் நல்லா அசையுதுன்னு டாக்டர் சொல்லிட்டாருங்க. மேடம், உங்க பேஜ்ல ரெட்டைப்புள்ள அக்கான்னு ஒருத்தங்க எழுதுவாங்களே, அவங்களை உங்களுக்குத் தெரியுமாங்க?

— தெரியும்.

— மத்தியானம் அவங்க பேர்ல ஏதோ வந்திருக்குங்க. அது அவங்க எழுதினதே இல்லைங்க, சத்தியமா சொல்றேன். எனக்கு எழுதினா 'தங்கச்சி'ன்னுதான் ஆரம்பிப்பாங்க. பாப்பா சாப்பிட்டாளான்னு கேக்காம ஒரு வரி எழுதமாட்டாங்க. வேற யாரோ அவங்க ஃபோனை எடுத்து எழுதியிருக்காங்க. அவங்களை நெனைச்சாதான் பயமா இருக்குங்க.

— ஏம்மா?

— அவங்க வீட்லயும் இதே மிஷின்தானுங்களே! ரெண்டும் எதைக் கண்டாலும் புடிச்சு இழுக்குற வயசு. நேத்துலேர்ந்து 'அக்கா, அதைப் போடாதீங்க, மூடி எகிறுது'ன்னு மெசேஜ் மேல மெசேஜ் அனுப்பறேன், பதிலே இல்ல. அவங்க அப்படி இருக்கிற ஆள் இல்லைங்க. புள்ளைங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சாங்க? எங்கயாவது ஆஸ்பத்திரியில கிடக்குறாங்களா?

— அப்படியெல்லாம்...

— எனக்கு நஷ்டஈடு எதுவும் வேண்டாங்க. நீங்க சொன்னா போஸ்ட்டைக்கூட இப்பவே அழிச்சிடறேன். அவங்க விலாசம் உங்ககிட்ட இருக்கும்ல? யாரையாவது அனுப்பிப் பாருங்க. புள்ளைங்க ரெண்டும் நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, எனக்கு அது போதும்.

— ஒரு நிமிஷம் லைன்ல இருங்க.

— மைக்கை அமுக்கிட்டியா? கும்பிடப் போன தெய்வம் குறுக்க வந்த மாதிரி, அவளே அழிக்கிறேங்கிறா! நல்லா இருக்காங்கன்னு சொல்லிடும்மா. இல்லாத புள்ளைங்களுக்கு என்ன ஆகிடப்போகுது? அவளுக்கும் நிம்மதி, நமக்கும் நிம்மதி.

— மத்த வீட்ல எல்லாம் இருக்கிறது நிஜப் புள்ளைங்க அத்தான்.

— அதை நாளைக்குப் பாத்துக்கலாம். இன்னிக்கு என்னைக் காப்பாத்து. உன் கால்ல வேணா விழறேன். உங்கக்கா மூஞ்சிக்காகவாவது ஒரு வார்த்தை சொல்லு.

— கையை எடுங்க. நான் பேசணும்.

— மேடம், இருக்கீங்களா? மேடம்? புள்ளைங்க நல்லா இருக்காங்களா?

— போஸ்ட்டை அழிக்காத தங்கச்சி. நான்தாம்மா அந்த அக்கா. எனக்குப் புள்ளைங்களே கிடையாது.