ராம்கிக்கு நான் எடுத்துக்கொடுத்த வசனம்

எனக்குத் தாழ்ந்த குரலில் தெளிவாகப் பேச வரும். அதனால்தான் எங்கள் தமிழ்ச் சங்க நாடகங்களில் இருபத்திரண்டு வருடமாகப் பக்கப்படுதாவுக்குப் பின்னால் உட்கார்ந்து வசனம் எடுத்துக்கொடுத்தேன். கல்கத்தாவில் பிறந்த நடிகர்களுக்கு வீட்டுத் தமிழ்தான் தெரியும். பழைய நாடகங்களின் செந்தமிழ் பாதிக்குமேல் புரியாது. நான் சொல்வதை அப்படியே வாங்கி, உணர்ச்சியோடு சொல்லிவிடுவார்கள்.

என் மாமா பிள்ளைகள் இருவர். மூத்தவர் முத்துகிருஷ்ணன் திருச்சியில் தமிழ் படித்தவர், பெஹாலாவில் வீடு. இளையவன் ராம்கி பிறந்த டாலிகஞ்சை விட்டு நகராதவன், அண்ணனை வங்காளிகள் மாதிரி 'தாதா' என்றுதான் கூப்பிடுவான். அவர்கள் அம்மாவின் அஸ்தியைத் தம்பி வந்து சேர்வதற்குள் அண்ணன் கங்கையில் கரைத்துவிட்டார். அதிலிருந்து எட்டு வருடம் பேச்சில்லை. ஒருவர் சொல்வதை மற்றவரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது நான்தான்.

சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த எட்டு வருடம்தான் நான் நன்றாக வாழ்ந்தேன். நான் ஒண்டிக்கட்டை, கிடர்பூரில் கஸ்டம்ஸ் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிறு பகல் சாப்பாடு அண்ணன் வீட்டில், ராத்திரி தம்பி வீட்டில். நான் வாயைத் திறந்தால் இரண்டு வீடும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அவர்கள் சேர்ந்துவிட்டால் என்னை யார் கூப்பிடுவார்கள்?

போன பொங்கல் விழாவுக்கு, பிரிந்த அண்ணன் தம்பி கடைசிக் காட்சியில் சேரும் பழைய நாடகம் ஒன்றைப் போட்டோம். முத்துகிருஷ்ணனின் மனைவி அகிலா அண்ணிதான் இருவரையும் அந்த வேஷங்களுக்குச் சம்மதிக்க வைத்தார்.

"மேடையிலயாவது கட்டிக்கட்டும், வேங்கடம். அப்புறம் தானா சரியாயிடும்" என்றார். கடைசிக் காட்சிக்கு ஒத்திகைகூட வேண்டாம், அது அன்றைக்கே நடக்கட்டும் என்றார்.

அன்று முத்துகிருஷ்ணன் கைகளை விரித்தார். ராம்கி கைகூப்பி நின்று, என் பக்கம் காதைக் கொடுத்தான். புத்தகத்தில் மன்னிப்புக் கேட்கும் வசனம் இருந்தது. நான் முந்தின நாள் எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன்.

"நின் ஈமத்துக்கும் எனை விளியற்க, நினக்கு யான் இளவல் அல்லேன்."

உன் சாவுக்குக்கூட என்னைக் கூப்பிடாதே, நான் உனக்குத் தம்பி இல்லை என்று அர்த்தம். ராம்கி கண்ணீர் வழிய ஒரு சொல் விடாமல் சொன்னான். அண்ணனின் கைகள் மெல்லக் கீழே இறங்கின. படுதா விழுந்தபோது கைதட்டல் பலமாக இருந்தது.

ஒப்பனை அறையில் முத்துகிருஷ்ணன் கேட்டார். "இது நாடகத்துல இல்லையே. நீ எழுதிக்கொடுத்தியா?"

"அவன்தான் கேட்டான், அண்ணா. வேண்டாம்னு எவ்வளவோ சொன்னேன்."

முகச் சாயத்தைக்கூடக் கலைக்காமல் அவர் டாக்சி ஏறிவிட்டார். ராம்கியிடம், அண்ணன் மனசு தாங்காமல் அழுதுகொண்டே போனதாகச் சொன்னேன். கொஞ்ச நாள் பொறு என்றேன்.

பத்தொன்பதாம் நாள் அவருக்கு மாரடைப்பு. "ராம்கிக்குச் சொல்ல வேண்டாம், அவனே வேண்டாம்னுட்டான்" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினார். சுடுகாட்டில் என் சட்டைப்பையில் போன் இருந்தது. ராம்கியைக் கூப்பிட நான் அதை எடுக்கவில்லை. ராம்கிக்கு மூன்றாம் நாள்தான் யாரோ சொல்லித் தெரிந்தது.

நேராக என்னிடம் வந்து அழுதான். "அத்தான், அன்னிக்கு தாதாகிட்ட நான் சொன்னேனே, அதுக்கு என்ன அர்த்தம்?"

"என்னை மன்னிச்சிடுங்க, உங்களை விட்டா எனக்கு யாருமில்லைன்னு அர்த்தம்."

"அந்த வசனத்தை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டு, வங்காள எழுத்தில் எழுதிக்கொண்டான்.

இப்போது தினமும் காலையில் குளித்துவிட்டு, அண்ணன் படத்தின் முன் நின்று அதைச் சொல்கிறான். கேட்கும்போது எனக்கு அவமானம் பிடுங்கித் தின்கிறது. உண்மை தெரிந்தால் தாங்கமாட்டான் என்றுதான் பேசாமல் இருக்கிறேன். 'விளியற்க' மட்டும் அவன் வாயில் சரியாக நுழையவில்லை. நேற்று பக்கத்தில் உட்கார்ந்து, நாக்கை எப்படி மடிக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். என்னால் அவனுக்குச் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.